கயிறில்லாப் பட்டம்: ரேடியோ விமானம் விடக் கற்போம்

ஆடி மாதக் காற்றில் பட்டம் விட்டுப் பழகிய மாணவர்களே, ஒரு கேள்வி. பட்டத்தின் நூல் என்ன வேலை செய்கிறது? "பட்டம் பறந்து போய்விடாமல் பிடித்துக்கொள்கிறது" என்பீர்கள். அது பாதி விடைதான். நூல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காற்று பட்டத்தைத் தள்ளும்போது, அதைத் தள்ளிக்கொண்டு போக விடாமல் எதிர்த்து இழுக்கிறது. இது ஒன்று. நீங்கள் சுண்டினால் பட்டம் திரும்புகிறது, தளர்த்தினால் சரிகிறது. அதாவது உங்கள் கட்டளையை மேலே கொண்டு போகிறது. இது மற்றொன்று.

இப்போது நூலை அறுத்துவிடுவோம். இழுக்கும் வேலையை ஒரு சிறு மோட்டாரும் விசிறியும் செய்யட்டும். கட்டளை சொல்லும் வேலையை ரேடியோ அலை செய்யட்டும். கிடைப்பதுதான் ரேடியோ கட்டுப்பாட்டு விமானம். பட்டத்துக்குக் காற்று வந்து மோத வேண்டும். விமானமோ முன்னே பாய்ந்து, தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் எளிது.

கொஞ்சம் வரலாறு

1871ல் பிரான்சு நாட்டில் அல்போன்ஸ் பெனோ என்பவர் ரப்பர் பட்டையை முறுக்கி ஓடவிட்ட ஒரு சிறிய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 வினாடிகள் பறந்தது. பின்னால் வாலும், சற்றே மேல்நோக்கி வளைந்த சிறகுகளும் இருந்ததால் தானாகவே நிலை தவறாமல் பறந்தது. ரைட் சகோதரர்கள் 1903ல் மனிதனைத் தாங்கிய விமானத்தைப் பறக்கவிடுவதற்கு 32 ஆண்டுகள் முன்னர் நடந்தது இது!

கம்பியில்லாமல் ஒரு பொம்மையை இயக்கலாம் என்பதை 1898ல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டினார். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937ல் தங்கள் மாதிரி விமானத்தை ரேடியோவினால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டனர். அதற்கு "கஃப்" என்று பெயர். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

காஞ்சிபுரத்து மாணவர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் காலத்தில் பெரிய மாதிரி விமானங்களின் சிறகை எதனால் மூடினார்கள் தெரியுமா? பட்டுத் துணியால்! பால்சா என்ற இலேசான மரத்தில் சட்டம் செய்து, அதன்மேல் மெல்லிய பட்டை ஒட்டி, "டோப்" என்ற ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். காய்ந்ததும் துணி மத்தளம்போல் இறுகும். பட்டுநூல் மெல்லியது, ஆனால் இழுத்தால் எளிதில் அறாது. பாவு ஒரு திசையில் இழுவையைத் தாங்க, ஊடை குறுக்குத் திசையில் தாங்கும். நம் சேலைப் பட்டைவிட மிகமிக மெல்லிய துணிதான் அது. ஆனால் தத்துவம் தறியில் நீங்கள் நாள்தோறும் காண்பதுதான். இன்று தொடக்கநிலை விமானங்கள் பெரும்பாலும் நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. விழுந்தால் வளையும், உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் மோட்டார் இல்லாமல்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். செலவு மிகக் குறைவு.

5 மில்லிமீட்டர் கனமுள்ள தெர்மோகோல் தகட்டில் 40 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் ஒரு சிறகு வெட்டுங்கள். நடுவில் இரண்டாக வெட்டி, இரு முனைகளும் தரையிலிருந்து 3 செ.மீ. உயர்ந்திருக்கும்படி மறுபடி ஒட்டுங்கள். கிடைவாலுக்கு 14 செ.மீ. x 5 செ.மீ.; நிமிர்ந்த வாலுக்கு 6 செ.மீ. x 5 செ.மீ. உடலுக்கு, பட்டம் கட்டுகிறவர்கள் சீவுவது போன்ற 35 செ.மீ. நீள மூங்கில் குச்சி. சிறகின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அந்த முன்விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. கனத்துக்கு அட்டைத் துண்டு வையுங்கள். சிறகை ரப்பர் பட்டையால் கட்டுங்கள். வால்களைப் பின்முனையில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் போதும். சில பசைகள் தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

இனி முக்கியமான வேலை. சிறகின் முன்விளிம்பிலிருந்து 2 முதல் 2½ செ.மீ. பின்னால், உடலின் இரு பக்கமும் விரல்நுனியால் தாங்குங்கள். விமானம் கிடையாக நிற்கும்வரை மூக்கில் களிமண்ணை ஒட்டுங்கள். இதுவே ஈர்ப்பு மையம். சிறகின் அகலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். பெரிய ரேடியோ விமானத்துக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.

காற்றில்லாத இடத்தில், தோள் உயரத்திலிருந்து, வேகமாக எறியாமல் மெல்ல முன்னே தள்ளிவிடுங்கள். மூக்குக் குத்தி விழுந்தால் களிமண்ணைக் குறையுங்கள். மூக்கை நிமிர்த்தி ஏறி, தயங்கி, பிறகு விழுந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள். ஒரு பக்கமாகவே திரும்பினால் நிமிர்ந்த வாலைச் சற்றே திருப்பி ஒட்டுங்கள். நேராகச் சறுக்கிச் செல்லும்வரை விடாதீர்கள்.

ஏறியது, தயங்கியது, விழுந்தது என்றோமே, அதை நன்றாகக் கவனியுங்கள். ரேடியோ விமானங்களைத் தரையில் மோதவைக்கும் பெரிய காரணங்களில் ஒன்று அதுதான்.

ஏன் விழுகிறது?

சிறகின் எழுவிசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் எழுவிசை காலாகிவிடும். அதை ஈடுகட்டச் சிறகைக் காற்றுக்கு எதிரே இன்னும் நிமிர்த்தலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 15 பாகையைத் தாண்டினால், சிறகின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. எழுவிசை சட்டென்று குறைகிறது. இதற்கு "ஸ்டால்" என்று பெயர்.

ஒரு கணக்குப் போடுவோம். 700 கிராம் எடை. சிறகு 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், பரப்பு 0.24 சதுர மீட்டர். இத்தகைய விமானம் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் தாங்காது. அதே சிறகில் எடையை இரு மடங்காக்கினால், அந்த வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டராகிவிடும். எனவேதான் புதியவருக்கு இலேசான, பெரிய சிறகுள்ள விமானம் ஏற்றது. மெதுவாகப் பறக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

இப்போது பயத்தின் விளையாட்டைப் பாருங்கள். விமானம் தாழ்கிறது. கற்றுக்குட்டி பதறி, மூக்கை நிமிர்த்தும் குச்சியைப் பின்னால் இழுக்கிறார். மூக்கு நிமிர்கிறது, வேகம் குறைகிறது, ஸ்டால்! விமானம் இன்னும் வேகமாக விழுகிறது. அவர் இன்னும் இழுக்கிறார். சரியான மருந்து நேர் எதிரானது: குச்சியைத் தளர்த்தி மூக்கைச் சற்றுத் தாழ்த்த வேண்டும்; மோட்டார் வேகத்தைக் கூட்ட வேண்டும்; வேகம் வந்த பிறகே நிமிர்த்த வேண்டும். இதற்கு உயரம் வேண்டும். அதனால்தான் முதல் பாடங்களை ஒரு தென்னைமர உயரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று செய்யும் கண்கட்டு

காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. நம் விமானம் காற்றில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. எதிர்க்காற்றில் போகும்போது தரையில் நிற்கும் உங்களுக்கு அது 5 மீட்டர் வேகமாகத் தெரியும். திரும்பிக் காற்றோடு வரும்போது 15 மீட்டர்! "ஐயோ, பறக்கிறதே" என்று நீங்கள் வேகத்தைக் குறைத்து, கண்ணுக்கு 10 மீட்டராகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். காற்றைப் பொறுத்து அதன் உண்மை வேகம் 10 − 5 = 5 மீட்டர்தான். தாங்கும் வேகமோ 7 மீட்டர். விமானம் விழும். சிறகுக்குத் தரை தெரியாது. காற்று மட்டுமே தெரியும். எழும்புவதும் இறங்குவதும் எதிர்க்காற்றிலேயே இருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

இடமும் வலமும்

விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது வலக் குச்சி தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். உங்களை நோக்கி வரும்போதோ உங்கள் இடப்பக்கம் திரும்புவதுபோல் தெரியும். ஏனென்றால் வலம் என்பது விமானத்தின் வலம். ஒரு நண்பரை நடக்கவிட்டு "வலது, இடது" என்று கட்டளையிட்டு, எதிரே வரும்போதும் தவறாமல் அவரைத் திருப்பப் பழகுங்கள். பிறகு இந்த விதியை நினைவில் வையுங்கள்: எதிரே வரும் விமானத்தின் எந்தச் சிறகு தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த சிறகுக்கு முட்டுக் கொடுப்பதுபோல எண்ணிக்கொள்ளலாம். கணினியில் பழகும் சிமுலேட்டரில் இதைச் சில வாரங்கள் பயின்றால் நிறைய விமானங்கள் பிழைக்கும்.

எந்த விமானம்?

உடலுக்கு மேலே சிறகு அமைந்தது. சிறகு முனைகள் உயர்ந்தது. விசிறி வேகம், கிடைவால் மடல், நிமிர்வால் மடல் ஆகிய மூன்றை மட்டும் இயக்குவது. இதுவே முதல் விமானம். போர் விமான வடிவம் கண்ணைக் கவரும். அதை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். முன்பெல்லாம் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை முடுக்கினால் ஒருவர் விமானம் விழும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தமக்குரிய விமானத்தின் ஏற்பியோடு மட்டும் பேசும். இந்த அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு இந்தியாவில் 2005 முதல் தனி உரிமம் தேவையில்லை.

லித்தியம் பாலிமர் மின்கலம் இலேசானது. ஆனால் கவனம் தேவை. அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். உப்பிய மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும். தறி இருக்கும் அறையில் ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பற்றினால் பல வார உழைப்பான பாவு கருகிப்போகும். விசிறி நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்வது. மின்கலத்தை இணைத்தபின் அதன் எதிரே கை நீட்டக் கூடாது.

எங்கே பறக்கவிடுவது?

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். கோடையில் வற்றிய ஏரியும், பாலாற்றின் அகன்ற மணல்வெளியும் நல்ல இடங்கள். மின்கம்பியும் மேய்ச்சல் மாடுகளும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று அடங்கிய காலை வேளையே சிறந்தது. மரவரிசைக்குப் பின்னால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக்கூடக் காற்று சுழலும், அங்கே வேண்டாம்.

கோயில், தேரடி, கடைவீதி, திருவிழாக் கூட்டம் இவற்றின் அருகே கூடவே கூடாது. வைகாசிக் கருட சேவைக் கூட்டத்தில் 700 கிராம் எடை விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2021ல் மத்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. ஆளில்லா விமானம் பறக்கும் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பச்சையில் உயர எல்லை 400 அடி. ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509ல் கட்டிய ராஜகோபுரம் 192 அடி என்பர். அதுபோல் இரண்டு அடுக்கினால் ஏறக்குறைய அந்த எல்லை. காஞ்சிக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் அரக்கோணத்தில் 1992 முதல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. அங்கிருந்து எழும் பெரிய விமானங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள். "டிஜிட்டல் ஸ்கை" வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, அன்றைய விதிகளைப் படித்து, பெரியவர் ஒருவருடன் சென்று காவல் நிலையத்திலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தனியாகக் கற்பதைவிடத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்பது நல்லது. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் மாதிரி விமானப் பயிற்சி அதில் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் "தக்ஷா" மாணவர் குழு 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. ஈர்ப்பு மையமும் எழுவிசையும் அவர்களுக்கும் உங்கள் தெர்மோகோல் விமானத்துக்கும் ஒன்றுதான்.

சிந்தியுங்கள்

1. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. நம் 700 கிராம் விமானம் அதே 8 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றில் பறக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? அது விழுமா?

2. எடையை நான்கு மடங்காக்கினால் தாங்கும் வேகம் எத்தனை மடங்காகும்?

விடை: 1. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், விழாது. காற்றைப் பொறுத்து அதன் வேகம் 7 மீட்டருக்கு மேல் இருக்கிறதே! உங்கள் பட்டம் நிற்பதும் இப்படித்தான். 2. இரண்டு மடங்கு.