உடம்பு தாங்குமா?

கேள்வி: நாள்பட்ட நோயோடு கல்லூரியில் படிக்கும் என் மகள், மருத்துவ ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். நோயாளியால் முடியுமா?

பதில்: முடியும் அம்மா. அமெரிக்காவில் டேவிட் ஃபாஜ்கன்பாம் என்ற மருத்துவ மாணவரை 2010-ல் கேசில்மன் நோய் தாக்கியது. எதிர்ப்பாற்றல் கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைக்கும் அரிய நோய் அது. சாவின் வாசல்வரை பலமுறை போய் மீண்டார். அந்த நோய்க்கென்று வந்த மருந்தும் அவருக்குக் கேட்கவில்லை. சேமித்துவைத்த தன் ரத்த மாதிரிகளைத் தானே ஆராய்ந்தார். செல்லுக்குள் எம்டார் என்ற சமிக்ஞைப் பாதை அளவுமீறி இயங்குவது தெரிந்தது. அதை அடக்கும் சிரோலிமஸ், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்துதான்! 2014-ல் அதை எடுக்கத் தொடங்கினார், நோய் அடங்கியது. இன்று, தான் படித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர்.

ஆனால் அதே மருந்து எல்லா கேசில்மன் நோயாளிகளுக்கும் பலிப்பதில்லை. தன் நோய்க்கு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையை மட்டுமே வைத்து உங்கள் மகள் இறங்க வேண்டாம். அறிவியலும் பிடித்திருக்க வேண்டும். இரவு பகலாக ஆய்வகத்தில் நிற்க முடியாவிட்டால் புள்ளியியல், மரபணுத் தரவு ஆய்வு என்று உட்கார்ந்து செய்யும் பிரிவுகளும் உண்டு. சேரும்முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நோயைப் பற்றி மனம்விட்டுப் பேசச் சொல்லுங்கள்.