கல்வி உதவித்தொகைக்கு வரி உண்டா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறியதும் பல வீடுகளில் எழும் கேள்வி, "இதுக்கு வரி கட்டணுமா?" என்பது. வேண்டியதில்லை. படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு முழு விலக்கு தந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்கிறது. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அரசுதான் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் பிள்ளைக்கும், இளநிலை ஆய்வு உதவித்தொகையாக (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய் பெறும் ஆய்வு மாணவருக்கும் விலக்கு ஒன்றே.

பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உதவித்தொகை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

செய்ய வேண்டியவை

உதவித்தொகை வழங்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன். அரசுத் திட்டங்களில் ஆணை எண், விண்ணப்ப எண் எல்லாம் பதிவில் இருக்கும், கவலையில்லை. ஊர்ச் சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு, வசதியான ஒரு நல்ல மனிதர் கொடுக்கும்போதுதான் காகிதம் எதுவும் இருப்பதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அந்த முழுத்தொகையும் வருமானமாகக் கருதப்படும் என்று இன்னொரு விதி இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கென ஒருவர் 75,000 ரூபாய் அனுப்புகிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பின்னாளில் கேள்வி வந்தால் அது படிப்புக்காக வந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? மாணவர் பெயர், படிப்பு, கல்லூரி, ஆண்டு, "கல்விச் செலவுக்காக" என்ற சொற்கள் இவை அடங்கிய ஒரு பக்கக் கடிதம் போதும். கொடுப்பவர் தயங்கினால் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாகவே வாங்குங்கள்.

விடுதி, உணவு, புத்தகம், பேருந்துச் செலவு ஆகியவற்றின் ரசீதுகளையும் வைத்திருங்கள். கல்விச் செலவு என்பது கல்லூரிக் கட்டணத்தோடு முடிந்துவிடுவதில்லை. படிப்பதற்காக ஆகும் மற்ற செலவுகளும் அதில் அடங்கும். சிக்கனமாக இருந்து கொஞ்சம் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சத்துக்கு வரி வருமோ என்று அஞ்ச வேண்டாம். படிப்புச் செலவுக்கெனக் கொடுக்கப்பட்ட தொகையில் மீந்ததும் விலக்குக்கு உட்பட்டதே என்று கர்நாடக உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது.

ஆய்வு மாணவர்கள் வருமான வரி இணையதளத்தில் தங்கள் வரிப்பிடித்த விவரத்தைத் (2025-26 நிதியாண்டு வரை 26ஏஎஸ் படிவம்) திறந்து பார்ப்பது நல்லது. சில நிறுவனங்கள் பழக்கத்தினால் உதவித்தொகையிலும் முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடித்துவிடுகின்றன. பிடித்திருந்தால் எந்தப் பிரிவில் என்று பாருங்கள். 2026 மார்ச் வரை பிடித்ததில் பழைய சட்டத்தின் 192 என்றிருந்தால் உங்கள் பணத்தைச் சம்பளமாகக் காட்டியிருக்கிறார்கள். 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணமாக. முதலில் கல்லூரிக் கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு அதைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு வரிக்கணக்குத் தாக்கல் செய்து, உதவித்தொகையை விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் காட்டி, பிடித்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தாக்கல் செய்யாமல் அந்தப் பணம் திரும்பி வராது. மாதாமாதம் கையைக் கடித்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் இதை விட்டுக்கொடுக்கக்கூடாது.

செய்யக்கூடாதவை

ஸ்டைபண்ட் எல்லாமே உதவித்தொகை என்று முடிவுகட்டாதீர்கள். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து வாங்கும் பணம், செய்த வேலைக்கான கூலி; அது வருமானம். பயிற்சி மருத்துவர், சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் ஆகியவற்றில் படிப்பும் வேலையும் பின்னிக் கிடப்பதால் வழக்குகள் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தைக் கணக்காளர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அதற்காகப் பதறவும் தேவையில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. தள்ளுபடியையும் சேர்த்தால், சம்பளம் போன்ற சாதாரண வருமானம் 12 லட்சம் வரை இருந்தாலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான்.

உதவித்தொகையை வைப்புநிதியில் போட்டு, அதன் வட்டிக்கும் விலக்கு உண்டு என்று எண்ணாதீர்கள். விலக்கு உதவித்தொகைக்கு மட்டும். கல்லூரியில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 18 நிறையும்வரை அந்த வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும்.

அப்பா அம்மா செய்யும் தவறு ஒன்று உண்டு. பழைய வரிமுறையில் பிள்ளையின் டியூஷன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம் (1961 சட்டத்தில் இது 80சி பிரிவு). ஆனால் உதவித்தொகை நேராகக் கல்லூரிக்குப் போய்க் கட்டணத்தை அடைத்திருந்தால், நீங்கள் கட்டாத அந்தப் பகுதியைக் கேட்கக்கூடாது. கையிலிருந்து கட்டியதை மட்டும் காட்டுங்கள்.

பான் அட்டை இல்லாமல் இருக்காதீர்கள். உதவித்தொகையை ஏஜென்ட் சொன்ன வேறொருவர் கணக்குக்கும் விடாதீர்கள்.

வெளிநாடு போகிறவர்கள் இந்திய விதியை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவரின் கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களுக்கும் போகும் தொகைக்கு வரியில்லை. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் தொகைக்கு வரி உண்டு. எஃப் வகை மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதம் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு அங்குள்ள நிலையான கழிவைப் பெற வழிசெய்கிறது. வேறு பல நாட்டு மாணவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஆண்டே, பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.