நலங்கு மாவு எழுதிக் கொடுக்கும் முன்

அன்புத் தங்கைக்கு,

சித்த மருத்துவம் படித்து முடித்து, சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறாய். வாழ்த்துகள். முதலில் உன்னைத் தேடி வரப்போவது பரு, பரு ஆறிய இடத்துக் கறுப்பு, கன்னத்து மங்கு, கழுத்துத் தேமல் இவைதான். "வீட்டுல இருக்கறதை வெச்சே ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். சின்ன விஷயம்தானே என்று உடனே பொடி எழுதிவிடாதே. அந்த முகத்தில் இதுவரை என்னென்ன பூசினார்கள் என்று பொறுமையாகக் கேள். எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை, பக்கத்து வீட்டு அக்கா வாங்கித் தந்த க்ரீம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பல பேருக்கு அவற்றை நிறுத்தச் சொல்வதே முதல் வைத்தியம்.

எலுமிச்சையை மட்டும் தயவு பார்க்காமல் தடுத்துவிடு. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. அது போதாதென்று, அதில் இருக்கும் சோராலின் வகைப் பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும். சாறு தடவிக்கொண்டு மாடியில் வடகம் காயப் போட்டாலே போதும், கொப்புளம் வந்து, அது ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். கறுப்பைப் போக்கப் பூசியதே கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

இதே சோராலின்தான் கார்போகரிசியிலும் இருக்கிறது. நீ படித்திருப்பாய், வெண்புள்ளிக்கு அதைக் கொடுப்பதே வெயிலின் துணையோடு தோலில் நிறம் வரவழைக்கத்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்கு என்று கேட்டால், பாசிப்பயறு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, ரோஜா இதழ் இவற்றோடு ஒரு கை கார்போகரிசியையும் பொட்டலத்தில் போட்டுத் தருகிறார்கள். வழக்கம் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மங்கு இருக்கிற பெண், காலையில் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள். அவளுக்கு எழுதும் சீட்டில் அந்த ஒரு சரக்கை அடித்துவிடு. மாவு குறைந்துபோகாது.

கஸ்தூரி மஞ்சளைத் தூளாக வாங்காதே, கிழங்காக வாங்கு. உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்கும், கர்ப்பூரம் கலந்த வாசனை வரும், சமையல் மஞ்சள் மாதிரி கையில் சாயம் ஒட்டாது. பூலாங்கிழங்கையே அந்தப் பெயரில் கொடுக்கிற கடைகளும் உண்டு. சமையல் மஞ்சளைப் பூசுவதாக இருந்தாலும் கண்ணைப் பறிக்கிற தூளை நம்பாதே. நிறத்துக்காக ஈயம் உள்ள லெட் குரோமேட்டைக் கலக்கிற கலப்படம் மஞ்சளில் நடந்திருக்கிறது. அரைத்த மாவை வஸ்திரகாயம் செய், அதாவது மெல்லிய துணியில் சலித்து எடு. மிக்ஸியில் ஓட்டி அப்படியே எடுத்த பயற்று மாவு மணல்போல நெருடும். பரு உள்ள கன்னத்தில் அதைத் தேய்த்தால் பரு உடைந்து, நாளை அங்கே ஒரு வடு.

கற்றாழை எழுதினால், மடலை எப்படி நறுக்குவது என்பதையும் உன் கையால் செய்து காட்டு. அடியில் வெட்டி, வெட்டு வாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மஞ்சள் பால் வடியும். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பிறகு தோல் சீவி, சோற்றை நல்ல தண்ணீரில் பல முறை அலசி, முதலில் முன்கையின் உள்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல். சந்தனத்துக்கும் மஞ்சளுக்கும்கூட இதே சோதனை வேண்டும். மூலிகை என்பதால் ஒவ்வாமை வராது என்று நினைக்காதே.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வருவார்கள். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பித்துக்கொள்ளவே சுமார் 4 வாரம் ஆகும், பரு விட்ட கறுப்பு மங்கப் பல மாதம் பிடிக்கும். இதைச் சொன்னால் அந்த அம்மாவின் முகம் வாடும். வாடட்டும், உண்மையைச் சொல். குடை பிடிக்கச் சொல், கிள்ளாமல் இருக்கச் சொல். நீ மறுத்தால், மூன்றே நாளில் வெளுக்க வைக்கிற ட்யூபை அவர்கள் தேடிப் போகக்கூடும் என்பதால் அதைப் பற்றியும் நீயே பேசிவிடு. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதி வந்தும் கவுன்டரில் கிடைக்கிறது. ஏற்கெனவே அதைப் பூசிவருபவர் உன்னிடம் வந்தால், அவர் தோல் சிவந்து மெலிந்திருக்கும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தியதும் பரு பொங்கும், பழி உன் சந்தனத்தின் மேல் விழும். அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பு. அதில் உனக்கு எந்தக் குறைச்சலும் இல்லை.

தேமல் என்று காட்டுகிற எல்லாவற்றையும் தொட்டுப் பார். பெரும்பாலும் பூஞ்சையால் வருவதாகத்தான் இருக்கும். ஆனாலும் மேசையில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள். திரியாக முறுக்கி, அவர் கண்ணை மூடியிருக்கும்போது அந்த வெளிறிய இடத்தில் மெல்லத் தொடு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல். அவருக்குத் தெரியவில்லை என்றால் வேப்பிலையும் குப்பைமேனியும் பேசாதே. தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே எழுதிக் கொடு. மாத்திரை அங்கே இலவசம், முழுமையாகக் குணமாகும் என்பதையும் அவர் எழுந்து போவதற்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அக்கா