பழைய புகையிரதப் பெட்டியின் பிறப்பறிதல்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நாடோறும் புகையிரதத்திற் செல்வோர், தாம் அமர்ந்த பெட்டி எந்நாட்டில் எவராற் செய்யப்பட்டதென எண்ணுதல் அரிது. ஆயின், ஒதுக்கப்பட்ட பழைய பெட்டியொன்றைச் செப்பனிட்டுப் பேண முற்படுவார்க்கு இதுவே முதல் வினா. விடை பிழைப்பின், நிகழாத வரலாறொன்று புதுவண்ணம் பூசி நிறுத்தப்பட்டுவிடும்.

ஏடு பதிப்பிப்பார்க்கும் இவ்விடர் உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினர். இறுதியோலையில் எழுதினோன் பெயர் இருப்பினும், இடையோலை வேறொருவன் கைப்பட்டதாதல் கூடும். பெட்டியும் அத்தகையதே.

முதற்கண் நோக்கத்தக்கது பாதையின் அகலம். 1864 டிசெம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிய பாதை 5 அடி 6 அங்குலம். 1902இல் அவிசாவளையை எட்டிய களனிவெளிப் பாதையோ, 1990களில் அகலமாக்கப்படும்வரை, 2 அடி 6 அங்குலமே. எழுத்தை மட்டும் நம்புதல் ஆகாது. 'சீ.ஜீ.ஆர்.' என்னும் எழுத்துக்களைக் கண்டவுடன் 'சிலோன் கவண்மென்ட் றெயில்வே' என்று துணிவோம். தென்னாபிரிக்காவின் கேப் அரசாங்கப் புகையிரதத்திற்கும் அவையே முதலெழுத்துக்கள்! அங்கே அகலம் 3 அடி 6 அங்குலம். சக்கரச்சட்டம் மாற்றப்பட்டிராவிடின், ஓர் அளவுநாடாவே ஐயத்தை நீக்கும்.

அடுத்தது செய்தோர் பெயர்த்தகடு. உலகெங்கும் பெட்டிகளை அனுப்பிய மெற்றோபொலிற்றன் தொழிற்சாலை, பேமிங்காம் நகரின் சோல்ட்லியில் 1863இல் அப்பெயர் பூண்டது. 1902இற் பிற சாலைகளோடு இணைந்தபோது 'அமல்கமேற்றட்' என்ற சொல் சேர்ந்தது. 1912இல் அது நீங்கி 'பினான்ஸ்' புகுந்தது. 1929இல் கமெல் லெயார்ட்டின் பெட்டித்தொழிலும் கூடவே 'மெற்றோபொலிற்றன் கமெல்' ஆயிற்று. ஆகவே, ஆண்டு தேய்ந்தழிந்த தகட்டிலும் ஒரு சொல் எஞ்சினாற் காலவெல்லையைக் கணிக்கலாம். தகட்டை விளக்கிப் பளபளப்பாக்கும் ஆர்வம் சிலர்க்கு உண்டு. தேய்க்குந்தோறும் சான்று தேயும்.

தகடும் தான் பொருந்திய உறுப்புக்கே சான்று கூறும். களனிவெளியில் ஓடிய 331ஆம் இலக்க நீராவிக் கார் சென்ரினல்–கமெல் வகையினது. அவ்வகையில் நீராவிப்பொறி சுரூஸ்பரியிற் பிறந்தது. பெட்டியுடலைச் செய்தவர் கமெல் சாலையார். பொறித்தகட்டை மட்டும் படித்தவர் பாதி உண்மையே அறிவர். சில்லும் அச்சும் காலந்தோறும் மாற்றப்படும். அவற்றில் வார்த்த ஆண்டு உடலின் ஆண்டாக வேண்டுவதில்லை.

உடலுக்குச் சான்று உடலிலேயே தேடப்படல் வேண்டும். கதவுச்சட்டத்தில் உளியாற் பொறித்த இலக்கம், பலகையின் பின்புறத்தே தச்சன் இட்ட குறி, மூடப்பட்ட பழைய துளைகள், வண்ணத்தின் அடுக்குகள் ஆகியவற்றை நோக்குக. வண்ணத்தை முழுதுஞ் சுரண்டாது, உள்ளங்கையளவு இடத்தில் அடுக்கடுக்காக நீக்கினால் முன்னைய வகுப்பிலக்கமும் பெட்டியிலக்கமும் வெளிப்படுதல் கூடும். அவ்விலக்கத்தைப் பழைய பதிவேட்டோடும் தொழிற்சாலை வரைபடத்தோடும் ஒப்பிடல் வேண்டும். பதிவேடு ஒன்றும் மரம் வேறொன்றுங் கூறுமிடத்து, மரத்தின் பக்கமே நாம் சாய்வோம். எழுதுவோர் பார்த்தெழுதினர் என்பதற்கு உறுதி இல்லை.

நம் பழைய மாணவருள் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றியோரின் இல்லங்களிற் பழைய நிழற்படங்கள் இருப்பின், அவற்றைக் களையாதிருக்க வேண்டுகிறோம். மாணவர்க்கோ, முதல் ஓட்டத்தின் 150ஆம் ஆண்டு நிறைவன்று, 2014இல், கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத அரும்பொருட்சாலை உண்டு. அங்குச் செல்வோர் பெட்டிகளின் பக்கங்களோடு நில்லாது, குனிந்து அடிச்சட்டத்தையும் பார்க்க.