நமது மாவட்டத்தின் ஐந்தொகை

செட்டிநாட்டுப் பெட்டியடிகளில் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது நெடுநாளைய வழக்கம். வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பவற்றை ஒரே ஏட்டில் திரட்டிப் பார்த்த பின்னரே அடுத்த ஆண்டின் காரியங்களைத் தொடங்குவார்கள். நமது கூட்டுறவுச் சங்கங்களும் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும், ஆஸ்தி பொறுப்புப் பட்டியலையும் மகாசபையின் முன் வைக்கின்றன. ஆனால் எந்த மக்களுக்காகச் சங்கம் நடைபெறுகிறதோ, அந்த மக்களின் கணக்கை நாம் எடுத்துப் பார்ப்பது அரிதாகவே இருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறோம், என்ன தொழில் செய்கிறோம், நமது செல்வம் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது என்பவற்றை அறியாமல் ஒரு சங்கம் கடன் திட்டமோ நெசவுத் திட்டமோ வகுக்க இயலாது. ஆகவே, இம்மாதப் பாடத்தில் சிவகங்கை மாவட்டத்தின் ஐந்தொகையை அங்கத்தினர்களோடு சேர்ந்து எடுத்துப் பார்க்க முற்படுகிறோம்.

1. மக்கள் கணக்கு

சிவகங்கை மாவட்டம் 1985-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சிவகங்கை, மானாமதுரை, திருப்புவனம், இளையான்குடி, காளையார்கோவில், திருப்பத்தூர், சிங்கம்புணரி, காரைக்குடி, தேவகோட்டை ஆகிய 9 வட்டங்கள் இதில் அடங்கும். செட்டிநாடு என்று நாம் வழங்கும் பகுதியில் பெரும்பாகம் இம்மாவட்டத்திலும், எஞ்சிய பாகம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் அமைந்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி இம்மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 13,39,101 பேர். 2001-இல் இத்தொகை 11,55,356 ஆக இருந்தது. அதாவது பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 வீதம் பெருகியது. நூறு பேரில் 69 பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதே கணக்கில் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 52 பேர்தாம். எனவே, நமது மாவட்டம் இன்னும் கிராம மாவட்டமே. பெரிய நகரமாகிய காரைக்குடி 1928-இல் நகராட்சியாகி, 2024-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றது. 2011-இல் அந்நகரின் ஜனத்தொகை 1,06,714 ஆகும்.

இக்கணக்கில் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு உண்டு.

முதலாவது, ஆண் பெண் விகிதம். ஆடவர் 6,68,672 பேர். பெண்டிர் 6,70,429 பேர். ஆயிரம் ஆடவருக்கு 1,003 பெண்கள். மாநில அளவிலோ ஆயிரத்துக்கு 996 பெண்களே. நமது மாவட்டத்து ஆடவர் பலர் பிழைப்பைத் தேடி வெளியூருக்கும் கடல் கடந்தும் செல்வது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகும். ஆறு மாதத்திற்கு மேல் திருப்பூரிலோ சென்னையிலோ தங்கி வேலை செய்பவரை அவ்வூர்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அவர் விட்டுச் சென்ற நிலத்தையும், மாட்டையும், முதியோரையும் இங்கே பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவியோ தாயோ ஆவார்.

இரண்டாவது, எழுத்தறிவு. ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆடவரில் நூற்றுக்கு 88 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்; பெண்டிரில் 72 பேர். ஊரில் தங்கிப் பொறுப்பை ஏற்பவர் பெண்கள். கடன் பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் தாமே படித்தறிய இயலாதவர் அவர்களிடையேதான் மிகுதி. இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், சங்கத்தின் கல்விப் பணி யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது விளங்கும்.

2. வெளியிலிருந்து வந்த செல்வம்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் காண்போர் இம்மண் செழிப்பான மண் என்று எண்ணக்கூடும். உண்மையில் இது மழையை நம்பிய வறண்ட நிலம். அவ்வீடுகளின் தேக்கு மரம் பர்மாவிலிருந்தும், பளிங்குக்கல் இத்தாலி நாட்டிலிருந்தும் வந்தன. அவற்றை வாங்கிய பணமும் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளிலிருந்து வந்ததேயாகும்.

1929-30-இல் பர்மாவில் அமைக்கப்பெற்ற வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தார் இட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் அளவினது என்று மதிப்பிட்டது. அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தம் தோன்றி நெல் விலை சரிந்தது. கடன் பெற்ற பர்மியக் குடியானவரால் வட்டியும் கட்ட முடியவில்லை. அடைமானமாக வைத்த நிலத்தையே விட்டுக்கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தார் வசம் இருந்தது. 1938-இல் அது நாலில் ஒரு பங்காகப் பெருகிற்று. ஏட்டில் அது ஆஸ்தியாகவே தோன்றியது. ஆனால் விற்கவும் இயலாமல், கொண்டுவரவும் இயலாமல் முடங்கிய ஆஸ்தி அது. நிலமிழந்த குடியானவரின் துயரமும் மனக்கசப்பும் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் பல்லாயிரவர் உயிர் பிழைத்தால் போதும் என்று ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது.

இவ்வரலாற்றிலிருந்து கடன் கொடுக்கும் சங்கம் ஒவ்வொன்றும் கற்க வேண்டிய பாடம் உண்டு. ஒரே பயிரை நம்பிக் கொடுத்த கடன் அப்பயிரின் விலை வீழ்ந்த நாளில் வசூலாகாது. அடைமானத்தின் மதிப்பை மாத்திரம் பார்த்து, வாங்குபவரின் வருவாயைப் பாராமல் கொடுத்த கடன், கடைசியில் வாங்கியவரையும் கொடுத்தவரையும் கெடுக்கிறது.

ஆயினும் வெளியிலிருந்து வந்த செல்வம் முழுவதும் வீணாயிற்று என்று சொல்வது நியாயமாகாது. 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சென்னை, இரங்கூன் நகரங்களோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் திறக்கப்பெற்றது. டாக்டர் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய அந்நிலையம் 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பெற்றது. பர்மாவில் முடங்கிய கோடிகள் திரும்பவில்லை. காரைக்குடியில் கல்வியிலும் ஆராய்ச்சியிலும் இட்ட லட்சங்கள் இன்றும் பலன் தருகின்றன.

3. உள்ளூரில் தங்கிய செல்வம்

நமது மாவட்டத்தின் பழைய மூலதனம் கண்மாய்கள். வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்து ஒரு போகம் நெல் விளைவிப்பதற்காக முன்னோர் இவற்றை அமைத்தார்கள். வரத்துக்கால் தூர்ந்தால் நீர் வராது. கலுங்கு பழுதானால் நீர் நில்லாது. மடை கெட்டால் நீர் பாயாது. இவற்றைப் பேணுவதற்கு ஊரார் கூடி உழைத்த முறையே குடிமராமத்து எனப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னர்க் கண்மாய்கள் சர்க்கார் பொறுப்பில் வந்தன. நாளடைவில் ஊராரின் கை தளர்ந்தது. சீமைக் கருவேலம் உள்வாயை நிறைத்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கிற்று.

40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அதற்கு மேற்பட்டது அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. மனுவை எவ்வலுவலகத்தில் கொடுப்பது என்பதற்காகவேனும் விவசாய அங்கத்தினர் தங்கள் கண்மாயின் ஆயக்கட்டை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கைத்தறி. அகன்ற கட்டங்களும் கோடுகளும் கொண்ட கண்டாங்கிச் சேலை செட்டிநாட்டின் பெயரை வெளியூர்களில் நிலைநாட்டியிருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது காரைக்குடியில் உள்ள ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. செட்டிநாட்டுக் கொட்டானும், மானாமதுரை மண்பாண்டமும் அதே குறியீட்டைப் பெற்றுள்ளன. ஆனால் பெயர் காக்கப்பட்டால் போதாது. தறியில் உட்கார ஆள் வேண்டும். 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கில் இந்தியா முழுவதும் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் இருந்தனர். 2019-20-இல் அது 35.22 லட்சமாகக் குறைந்தது. அவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேற்பட்டவர் பெண்கள்.

4. பொது வாழ்வு

இம்மாவட்டத்தில் 12 ஊராட்சி ஒன்றியங்களும் நானூற்றுக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் உள்ளன. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராமசபைக்கு இடமளித்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுவது 2022 முதல் முறையாக வைக்கப்பெற்றுள்ளது. உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பெற்றது.

ஊர்க் காரியத்துக்கு மக்களைக் கணக்கிட்டுப் பொறுப்பைப் பங்கிடுவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. நகரத்தார் ஊர்களில் மணமான ஒரு தம்பதியரை ஒரு புள்ளி எனக் கொண்டு கோயில் வரி வாங்கும் வழக்கம் உண்டு. எனினும் அது ஒரு சமூகத்துக்குள் அடங்கிய ஏற்பாடு. கூட்டுறவு அதனினும் விரிந்த கொள்கையை உடையது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊரில் 28 பேர் கூடி, 28 பவுன் முதலோடு ஒரு கடை திறந்தார்கள். பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் வழியே உலகெங்கும் பரவிய விதியாகும். சாதியாலும் செல்வத்தாலும் ஊர் பிரிந்து கிடந்தாலும், சங்கத்தின் மகாசபையில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். இதனை எழுத்தில் மட்டும் வைக்காமல் நடைமுறையில் காப்பது நிர்வாகக் குழுவின் கடமை.

5. பதிவில் விடுபடும் உழைப்பு

ஐந்தொகையில் ஒரு பற்று விடுபட்டால் கணக்கு நேராகாது. நமது மாவட்டத்தின் கணக்கில் அவ்வாறு விடுபடும் பெரிய பற்று பெண்களின் உழைப்பு.

தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். தார் சுற்றுபவரும், பாவு ஓடுபவரும், கஞ்சி தோய்ப்பவரும் பலர். வயலில் நாற்று நடுதல், களை பறித்தல், மாடு பேணுதல் ஆகியவையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கின்றன. கணக்கெடுப்பவர் வாசலில் வந்து, “வீட்டுக்கார அம்மாள் என்ன தொழில் செய்கிறார்?” என்று கேட்கும்பொழுது, “வீட்டில் சும்மாதான் இருக்கிறார்” என்று விடை சொல்லிவிடுகிறோம். அவ்விடை ஏட்டில் ஏறியவுடன் அந்த அம்மையார் தொழிலற்றவராகிறார்.

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு விதிகள் இதற்கு மாறானவை. கூலி பெறாவிடினும், குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் வேலை வேலையாகவே கொள்ளப்பட்டது. வீட்டுத் தேவைக்காக மட்டும் பயிரிடுவதும், பால் கறக்க மாடு வளர்ப்பதும்கூட வேலையே. ஆண்டில் ஆறு மாதமும் அதற்கு மேலும் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர். குறைந்த காலம் உழைத்தவர் குறுகிய காலத் தொழிலாளர். வீட்டிலேயே நெய்பவரும் நெசவுக்குத் துணை செய்பவரும் வீட்டுத் தொழில் என்னும் வகையில் சேர்வர்.

1881 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த ஜனத்தொகைக் கணக்கு, கொரோனா நோய்ப் பரவலால் 2021-இல் நடைபெறவில்லை. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படை நாளாக வைத்து 2025 ஜூன் மாதத்தில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஊராட்சிக்கு வரும் மானியமும், வார்டுகளின் எல்லையும், இட ஒதுக்கீடும் இவ்வெண்களைச் சார்ந்தவை. நெசவாளர் தொகை குறைவாகப் பதிவானால், நெசவுக்கான உதவியைக் கேட்கும் குரலும் மெலிந்துவிடும். ஆதலால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தொழிலையும் உள்ளபடி சொல்லுதல் நமது கடமை. கூட்டியும் சொல்ல வேண்டாம்; குறைத்தும் சொல்ல வேண்டாம்.

சங்கங்கள் அரசின் கணக்குக்காகக் காத்திராமல் தத்தம் எல்லைக்குள் ஒரு குடும்பப் பதிவேட்டை இப்பொழுதே தொடங்கலாம். அதில் குடும்பத்தினர் பெயர், வயது, படிப்பு, தொழில், வெளியூர் சென்றவர், தறி, நிலம், கடன் ஆகியவை இருந்தால் போதும். தார் சுற்றுபவரின் பெயரும் தனி வரியாக அதில் இடம் பெறட்டும். அவர்களில் தகுதியுடையோரை அங்கத்தினராகச் சேர்ப்பது அடுத்த படி. அங்கத்தினரானால் வாக்கு வரும். வாக்கு வந்தால் நிர்வாகக் குழுவில் இடமும் வரும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது சங்க எல்லைக்குள் எத்தனை குடும்பங்கள்? அவற்றில் அங்கத்தினர் இல்லாத குடும்பங்கள் எத்தனை? காரணம் யாது?

2. நமது அங்கத்தினரில் பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? கடன் பத்திரத்தைத் தாமே படித்துக் கையெழுத்திடுபவர் எத்தனை பேர்?

3. சங்கம் கொடுத்துள்ள கடனில் ஒரே பயிரையோ ஒரே சரக்கையோ நம்பியிருக்கும் பங்கு எவ்வளவு?

4. நமது ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? வரத்துக்காலும் மடையும் கடைசியாக எப்பொழுது சீர் செய்யப்பெற்றன?

5. வெளியூரிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தில் எவ்வளவு சங்கத்தில் வைப்பாக வருகிறது? அதைப் பெருக்க என்ன வழி?

இவ்வினாக்களுக்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த மகாசபையில் ஆஸ்தி பொறுப்புப் பட்டியலோடு சேர்த்துப் படிக்குமாறு அங்கத்தினர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.