நான்கு எழுத்தும் பல ஒலியும்

இளங்கலை மூன்றாம் ஆண்டு, ஆங்கில இலக்கியம்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு அம்மொழியின் இலக்கணத்தைவிட எழுத்துக்கூட்டலே பெரும் இடராக இருக்கிறது. பாடத்தை எழுந்து உரக்கப் படிக்கச் சொன்னால், தமிழ்வழியில் பயின்று வந்த நம்மில் பலர் தலைகுனிந்து கொள்கிறோம். பொருள் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லத் துணிவு வராது. இந்த அச்சத்துக்கு ஒரு மருந்து உண்டு. ஒரே எழுத்துத் தொடரைக் கொண்ட சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி அடுக்கிப் படிப்பதே அது. ஆங்கிலத்தில் மிகவும் பொல்லாத தொடராகிய 'ஓ-யூ-ஜி-எச்' என்பதை எடுத்துக்கொண்டு இம்முறையை விளக்க முயல்கிறேன்.

ஐந்தெழுத்துச் சொற்கள்

இந்த நான்கு எழுத்துக்களின் முன்னே ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஐந்தெழுத்துச் சொற்கள் பிறக்கின்றன. பி சேர்ந்தால் 'பௌ', மரக்கிளை. சி சேர்ந்தால் 'காஃப்', இருமல். டி என்னும் நான்காம் எழுத்து சேர்ந்தால் 'டோ', பிசைந்த மாவு. ஆர் சேர்ந்தால் 'ரஃப்', சொரசொரப்பு. இருபதாம் எழுத்தாகிய 'டீ' சேர்ந்தால் 'டஃப்', கடினம். முதலெழுத்து ஒன்றுதான் மாறியது. ஆனால் ஐந்து சொற்களில் நான்கு வகை முடிவொலிகள் வந்துவிட்டன!

தமிழில் கட்டு, தட்டு, பட்டு, மட்டு என்று முதலெழுத்தை மாற்றினால் எஞ்சிய ஒலி மாறுவதில்லை. கண்ணுக்கும் எதுகை, காதுக்கும் எதுகை. ஆங்கிலத்திலோ கண்ணுக்கு எதுகை, காதுக்கு இல்லை.

படிப்படியாக வளரும் நான்கு சொற்கள்

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. 'டஃப்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லில், டீக்குப் பின் ஓர் எச் சேருங்கள். ஆறெழுத்தாகி 'தோ' ஆகும். அதன் பின் ஓர் ஆர் சேருங்கள். ஏழெழுத்தாகி 'த்ரூ' ஆகும். அந்த ஆருக்கு முன் ஓர் ஓ சேருங்கள். எட்டெழுத்தாகி 'தரா' ஆகும். கடினம், ஆயினும், ஊடாக, முழுமையான என்பன முறையே இவற்றின் பொருள்கள். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து கூடுகிறது. ஒவ்வொரு படியிலும் இறுதி ஒலி மாறுகிறது.

குழப்பத்தின் காரணம்

இவ்வாறு ஏன் ஆயிற்று? பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களில் தொண்டையில் உரசி எழும் ஒரு மெய்யொலி இருந்தது. அது நம் ஆய்தத்தை ஒருவாறு நினைவூட்டும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், எழுத்தர்கள் அவ்வொலியை ஜி-எச் என இரண்டெழுத்தால் குறிக்கலாயினர். 1476-இல் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சேறிய எழுத்து நாளடைவில் நிலைபெற்றது. ஆனால் மக்கள் நாவில் ஒலி மாறிக்கொண்டே சென்றது. சில சொற்களில் அந்த உரசொலி 'ஃப்' ஆயிற்று. பலவற்றில் அடியோடு மறைந்தது. முன்னிருந்த உயிரொலியும் பலவாறு திரிந்தது. 1755-இல் வெளிவந்த ஜான்சனின் அகராதி எழுத்துக்கூட்டலை மேலும் உறுதியாக்கியது. அமெரிக்கரோ சிறிது துணிந்தனர். 1828-இல் வெளிவந்த தம் அகராதியில் வெப்ஸ்டர், கலப்பையைக் குறிக்கும் 'ப்ளௌ' என்னும் ஆறெழுத்துச் சொல்லை நான்கெழுத்தாகக் குறைத்தார்.

ஆகவே, நாம் இன்று எழுதுவது பழங்கால ஒலியை. பேசுவது பிற்கால ஒலியை.

நம் ஊர்ப்பெயரும் இப்படியே

எங்கள் நெய்க்காரப்பட்டி தமிழில் ஒன்பதெழுத்து. ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதினால் பதின்மூன்று. அதன் ஈற்றிலுள்ள ஐந்து ஆங்கில எழுத்துக்களை வெளியூரார் ஒருவர் 'பட்டி' என்றும் படிக்கலாம், 'பாட்டி' என்றும் படிக்கலாம், 'பத்தி' என்றும் படிக்கலாம்! 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பழகிய எழுத்தை மாற்றுவது எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

கற்கும் வழி

இத்தொடருக்குப் பின் டீ என்னும் எழுத்து வந்தால், ஜி-எச் ஒலிப்பதில்லை. 'ஆட்', 'பாட்', 'ஃபாட்', 'தாட்', 'ப்ராட்' முதலியன யாவும் ஓரினம். வறட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்' ஒன்றே நாம் நினைவிற்கொள்ள வேண்டிய விலக்கு. டீ வராதவற்றைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். 'ஃப்' ஒலிக்கும் குழுவில் இருமல், கடினம், சொரசொரப்பு, போதும், தொட்டி ஆகியவற்றின் சொற்கள். 'ஔ' ஒலிக்கும் குழுவில் கிளையும் கலப்பையும். 'ஓ' ஒலிக்கும் குழுவில் மாவும் 'தோ'வும் 'ஆல்தோ'வும்.

இச்சொற்களில் பல நம் வீட்டுப் பொருள்களே என்பதைக் காண்க. ஏர், கிளை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, பிசைந்த மாவு, மழை பொய்த்த வறட்சி இவையெல்லாம் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. பொருளைக் கண்முன் நிறுத்திச் சொல்லை ஒலித்துப் பழகினால் மறக்காது. நான் ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு குழுவாக எழுதி, நாளும் வாய்விட்டுப் படித்து வருகிறேன்.

தோழர்களே! இச்சொற்களின் முன் நாம் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று. இலண்டனில் பிறந்த குழந்தையும் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, நெட்டுருப் போட்டே கற்கிறது. எழுத்தைப் பார்த்து எவரும் ஊகித்துவிட முடியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நாணம் எதற்கு? ஆசிரியப் பெருமக்களும் இத்தகைய சொற்களை இனம் இனமாகத் தொகுத்துக் கற்பித்தால், வகுப்பில் எழுந்து படிக்கும் குரல்கள் பெருகும் என்பது என் நம்பிக்கை.