சிறு கலமும் பெருங்கடலும்

நம் மாணாக்கருள் நால்வர் சென்ற பருவத்தின் இறுதியில் எம்மிடம் வந்து, வரும் கோடை விடுமுறையில் வீட்டு முற்றத்திலேயே ஒரு சிறு பாய்க்கலம் கட்டி, அதனை மரக்காணத்தில் நீரில் இறக்கி, அந்தமான் தீவுவரை செல்லுதல் கூடுமோ என்று வினவினர். அவர்தம் ஊக்கங் கண்டு மகிழ்ந்தோம். அவர்தம் பெற்றோரை நினைந்து அஞ்சினோம். 'கூடாது' என்று ஒரு சொல்லால் மறுத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. 'கூடும்' என்று ஆராயாது கூறுதலோ உயிர்க்கு இறுதி பயப்பது. ஆதலின், "ஆராய்ந்து எழுதுவோம்" என்று சொல்லி அவர்களை அனுப்பினோம். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரை.

நம் கரையும் அதன் கலங்களும்

திண்டிவனத்திற்குக் கிழக்கே கடலைச் சார்ந்துள்ள மரக்காணம், இன்று உப்பளங்களாற் பெயர்பெற்ற ஊர். பண்டை ஓய்மாநாட்டின் துறைமுகமாகச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் துணிபு. அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. ஆகவே, கடல் கடக்கும் விருப்பம் இம்மண்ணில் நேற்று முளைத்ததன்று.

எனினும், நம் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை கரையருகே உடைந்து புரளும். அவ்வலையைக் கடப்பதற்கென்றே நம் முன்னோர் இருவகைக் கலங்களை வகுத்தனர். ஒன்று, மரத்துண்டுகளைக் கயிற்றாற் பிணைத்த கட்டுமரம். இதனுள் நீர் புகுந்து தேங்க இடமில்லை, ஆதலின் மூழ்குவதில்லை, கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்தலாம். மற்றொன்று, பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகு. ஆணியறைந்த படகு பிளக்கும் இடத்தில் இது வளைந்துகொடுத்து உய்யும். சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமையுமுன் கப்பற் சரக்கும் பயணிகளும் இதிலேதான் கரையேறினர்.

கட்டுமரம் என்னும் நம் சொல்லையே மேனாட்டார் எடுத்துக்கொண்டு, இரண்டு உடல்களை இணைத்த வேறொருவகைக் கலத்திற்கு வழங்குகின்றனர். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை மாணாக்கர் மறவாதிருப்பாராக.

இவ்விருவகையும் கரைக்கென அமைந்தவை. பல நாட்களுக்கு வேண்டிய நீரையும் உணவையும் நனையாது காத்து, மாந்தர் உறங்கவும் இடந்தரும் கலத்திற்கு ஆழ்ந்த உடலும் மூடிய தளமும் வேண்டும். அவ்வாறு ஆழ்ந்த கலத்தையோ நம் மணற்கரையில் எளிதாக ஏற்றவும் இறக்கவும் இயலாது. நால்வர் விருப்பத்திற்கு முதல் தடை இதுவே. ராபின்சன் குரூசோ பெருமரமொன்றைக் குடைந்து ஓடஞ் செய்தபின், அதனை நீர்வரை நகர்த்த மாட்டாது கைவிட்ட கதையை நாம் படித்திருக்கின்றோம். முற்றத்திற் கலங் கட்டுவோன், முதலில் தெருவாயிலின் அகலத்தை அளக்கக் கடவன்.

மூன்று சான்றுகள்

சிறு கலங்கொண்டு பெருங்கடல் கடந்தோர் உண்மையில் உளரோ எனின், உளர். மூவகைச் சான்று காட்டுவோம்.

முதலாவது, ஜோஷுவா ஸ்லோகம் என்பார். இவர் அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸைச் சார்ந்த ஃபேர்ஹேவனில் வயலொன்றிற் கிடந்த பழம் படகை, மரத்துக்கு மரம் மாற்றிப் புதுக்கினார். 13 திங்கள் உழைத்தார். செலவு 553 டாலரும் சில்லறையும். 36 அடிக்குச் சற்று மிகுந்த 'ஸ்ப்ரே' என்னும் அக்கலத்தில் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டு, 1898 ஜூனில் உலகைச் சுற்றி மீண்டார். தனியொருவராய் உலகைச் சுற்றிய முதல் மாலுமி அவரே.

இரண்டாவது, நம் இனத்தார்க்கே உரியது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில், அவ்வூர்த் தச்சர் வழிவழி வந்த கைப்பழக்கத்தால் 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலைக் கட்டினர். நீளம் ஏறத்தாழ 89 அடி. 32 அடிக் கலமொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் இதன் அழகிலும் உறுதியிலும் ஈடுபட்டு இதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரை இட்டார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையிற் சேர்த்தனர். தமிழர் கட்டிய கலத்தைத் தமிழரே செலுத்தி அமெரிக்கக் கரை சேர்த்த இச்செய்தி, நம் பாடப் புத்தகங்களில் இடம்பெறத் தக்கது.

மூன்றாவது, பம்பாயிற் பிறந்த 'சுஹைலி'. வணிகக் கப்பலில் அதிகாரியாய் இருந்த ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கில இளைஞர், 1963இல் தொடங்கி இந்தியத் தச்சரைக்கொண்டு தேக்குமரத்தால் இதனைக் கட்டுவித்தார். வாய்ச்சியும் வில்லாற் சுழற்றும் துறப்பணமுமே அத்தச்சர்தம் கருவிகள். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்துக் கலத்தை நீரில் இறக்கினர். நீளம் 32 அடியே. இக்கலத்தில் அவர் 1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து தனியே புறப்பட்டு, எத்துறையிலும் தங்காது உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள், 312 நாட்கள் கழித்து மீண்டார். அப்பந்தயத்திற் புறப்பட்டோர் ஒன்பதின்மர். முடித்தவர் இவர் ஒருவரே.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், நம் நால்வர் காணாத ஓர் உண்மை புலப்படும். ஸ்லோகம் பெருங்கப்பல்களின் தலைவராய் வாழ்ந்து முதிர்ந்தவர். வல்வெட்டித்துறையார் தலைமுறை தலைமுறையாக வங்கக் கடலில் வாணிகஞ் செய்தோர். நாக்ஸ் ஜான்ஸ்டன் மாலுமித் தொழிலே கற்றவர். கலங்கள் சிறியன, செலுத்தினோர் அறிவு சிறிதன்று. செய்தித்தாள் முன்னதை மட்டுமே தலைப்பில் இடும். பின்னதே கரை சேர்ப்பது.

கலத்திற்கு வேண்டும் இயல்புகள்

மரக்காணத்தில் முதிய மீனவர் ஒருவரிடம் நம் மாணாக்கர் தாம் வரைந்த படத்தைக் காட்டினராம். அவர் அதனை நெடுநேரம் பார்த்து, "தம்பி, கவிழ்ந்தால் நிமிர்த்தத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டனராம். கப்பற் கலையின் முதற் பாடம் அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது.

முதலாவது, நிமிர்ச்சி. பாயில் மோதும் காற்று கலத்தை ஒருபுறம் சாய்க்கும். 'ஏரா' எனப்படும் அடிமரத்தின்கீழ் ஈயமோ இரும்போ பொருத்தினால், அப்பாரம் கலத்தை மீண்டும் நிமிர்த்தும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எழுந்து நிற்பதும் அடிப்பாரத்தாலேயே. பாரத்தைத் தளத்தின்மேல் அடுக்குவோன் அதே பொம்மையைத் தலைகீழாகச் செய்வோன் ஆவன்.

இரண்டாவது, இறுக்கம். ஏராவிலிருந்து விலாவெலும்புபோல் எழும் வங்குகளின்மேற் பலகை பொருத்தி, பலகைகளின் இடைவெளியிற் பஞ்சினைச் செறித்துக் கலப்பற்றிடுதல் பழைய முறை. உலராத பச்சைமரம் பின்னர்ச் சுருங்கி இடைவெளி விடும். தேக்கு, தன்னகத்துள்ள எண்ணெய்ப் பசையால் நீருக்கும் பூச்சிக்கும் எளிதில் இடங்கொடாது. ஆயினும் அதன் பொருத்துவாயும் நெகிழ்தல் உண்டு. சுஹைலியில் அடிப்பலகையின் பொருத்துவாய் வழியாக நீர் கசிந்தபோது, நடுக்கடலில் நாக்ஸ் ஜான்ஸ்டன் தாமே மூழ்கிப் பஞ்சு செறித்து அடைத்தார். கட்டிய முறையை அறியாதவன் பழுதான இடத்தையும் அறியான். கலத்தைத் தன் கையாற் கட்டுவதன் மெய்யான பயன் இதுவே.

இன்று வீட்டிற் கட்டுவோர்க்கு எளிய முறையொன்று உண்டு. ஒட்டுப்பலகைத் தகடுகளை அளவாக அறுத்து, ஓரங்களிற் செப்புக்கம்பியால் தைத்து, பசையும் கண்ணாடியிழையும் இட்டு இறுக்குவர். 1960களில் ஆங்கில நாட்டிற் பரவிய இம்முறையைப் பார்க்கும்போது, தென்னங்கயிற்றால் தைத்த நம் மசூலாப் படகு நினைவுக்கு வருகின்றது. தைத்துக் கட்டும் வித்தை நமக்குப் புதிதன்று.

மூன்றாவது, விரைவு. சாதாரண ஓருடற் கலத்தின் மிகுவிரைவு, நீரைத் தொடும் அதன் நீளத்தைப் பொறுத்தது. அந்நீளத்தை அடிக்கணக்கிற் கொண்டு வர்க்கமூலங் கண்டு, 1.34ஆற் பெருக்கினால், மணிக்கு எத்துணைக் கடல்மைல் என்பது கிடைக்கும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, பெருக்கினால் 6.7. இது உயர்ந்த எல்லை. நாள்தோறும் கிட்டும் சராசரி இதனினுங் குறைவே. சுஹைலியின் 312 நாட் சராசரி, மணிக்கு ஏறத்தாழ 4 கடல்மைலே.

நான்காவது, குடிநீர். மரக்காணத்திலிருந்து போர்ட் பிளேயர் ஏறத்தாழ 750 கடல்மைல். மணிக்கு 4 மைலாயின், இரவும் பகலும் ஓடி எட்டு நாள் ஆகும். ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் எனக் கொண்டால், நால்வர்க்கு எட்டு நாளைக்கு 96 லிட்டர். காற்று ஓய்ந்து கலம் நின்றுவிடுமாயின்? மும்மடங்கு கொள்ளுதலே அறிவுடைமை; அஃது ஏறத்தாழ 290 லிட்டர், எடை 290 கிலோ. நால்வர் வரைந்த 14 அடிப் படகில், நால்வரும் ஏறியபின் இந்நீருக்கு இடமில்லை என்பதை அவர்களே கணக்கிட்டுக் காண்பாராக.

காற்றும் காலமும்

கலம் குறைவற அமைந்தாலும் காலம் பிழைப்பின் அனைத்தும் பிழைக்கும். வங்கக் கடலிற் பெரும்புயல் எழும் பருவங்கள் இரண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. 2020 நவம்பரில் நிவர் புயல் நம் மரக்காணத்தை அடுத்தே கரை கடந்ததையும், 2024 நவம்பர் இறுதியிற் புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதையும் நாமே கண்டோம். மற்றொரு பருவம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முற்பட்ட ஏப்ரல், மே மாதங்கள். 2020 மே மாதத்து ஆம்பன் அத்தகையது. மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானை எட்டும். நம் கோடை விடுமுறை வீழ்வது சரியாக இக்காலத்தில்! கல்லூரி நாட்காட்டி கடலுக்காக வகுத்ததன்று.

கைதேர்ந்தோர்க்கும் கடல் இரங்குவதில்லை. இந்தியக் கடற்படையைச் சார்ந்த அபிலாஷ் டோமி 2013இல் எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றி முடித்தவர். சுஹைலியைப்போலக் கோவாவிற் கட்டிய 'துரியா'வில் அவர் 2018இல் மீண்டுஞ் சென்றபோது, தென்னிந்தியப் பெருங்கடற் புயலிற் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு அசைய மாட்டாது கிடந்தார். செய்தி அனுப்பும் கருவி இருந்தமையால், மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து மீட்டது. ஸ்லோகமோ, தம் வெற்றிக்கு ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அதே ஸ்ப்ரேயிற் சென்றவர் மீளவேயில்லை.

எம் விடை

இனி, நால்வர்க்கும் எம் விடை: கலங் கட்டுக, கடல் கடத்தல் இப்போது வேண்டா.

முதலாண்டில் நீந்தக் கற்று, 12 அடியளவில் ஒட்டுப்பலகைப் படகொன்றைத் தைத்துக் கட்டுக. உரியோர் இசைவு பெற்று, வீடூர் நீர்த்தேக்கம்போன்ற அமைந்த நீரில் அதனை இறக்கி, உயிர்காப்புச் சட்டை அணிந்து, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுக. முதியவர் வினாவிற்கு விடை வாயாலன்று, கையாலேயே சொல்லத் தக்கது. இரண்டாம் ஆண்டில் மீனவரோடு கடலிற் சென்று, காற்றும் நீரோட்டமும் விண்மீனும் கற்க. பிற்காலத்தில், தக்க கலமும் தக்க துணையும் வாய்க்குமாயின், அந்தமான் அங்கேதான் இருக்கும், அஃது ஓடிவிடாது. புதுச்சேரியைச் சார்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தோழி தில்னாவுடன் 'தாரிணி'யில் 2024 அக்டோபரிற் புறப்பட்டு 2025 மேயில் உலகைச் சுற்றி மீண்டது, ஆண்டுக்கணக்கான பயிற்சியின் பின்னரே.

இன்னும் ஒரு கடமையை அவர்கள்பால் வைக்கின்றோம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையிற் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்து, கட்டுமரங்கள் அருகிவிட்டன. அதிற் குறையொன்றுமில்லை, மீனவர் வாழ்வு எளிதாதல் வேண்டும். ஆனால், எம்மரத்தை எக்காலத்து வெட்டி எவ்வாறு இழைத்துப் பிணைப்பது என்னும் அறிவு, ஏட்டில் ஏறாமல் முதியோர் சிலர் கையில் மட்டும் தங்கியிருக்கின்றது. அவர்களோடு அதுவும் மறையும். நால்வரும் விடுமுறையில் ஓர் அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு சென்று, எஞ்சிய கட்டுமரங்களை அளந்து, உறுப்புக்கு உறுப்புப் பெயர் கேட்டு எழுதிக் கொணர்வாராயின், அடுத்த ஆண்டு மலரில் அதனை வெளியிடக் காத்திருக்கின்றோம். அக்கரைக்குச் செல்லுமுன் இக்கரையை அறிந்துகொள்வோமாக.